மஞ்சள் போட்ட தெரு

மாவட்ட அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘ஸ்கேல் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். படவரைவுப் பிரிவில் இருபத்திரண்டு வருஷ வேலை. கம்ப்யூட்டர் வந்து பத்து வருஷம் ஆன பிறகும் முதலில் பென்சிலால் ஒரு தடவை வரைந்து பார்த்துவிட்டுத்தான் திரையில் ஏற்றுவாள். ஒருமுறை நெரிசலான பஸ்ஸில் இடித்துக்கொண்டே நின்ற ஒருவனின் முழங்கையில் ஸ்கேலால் ஒரு தட்டு தட்டி, “கொஞ்சம் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க” என்று சொன்னாளாம். அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரமே இந்தக் கதை சொல்லப்பட்டுவிடும்.

மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கடந்த நூறு வருஷத்தில் மாவட்டத்துக்குள் நடந்த வெள்ளம், புயல், மண்சரிவு, வறட்சி, காட்டுத்தீ எல்லாவற்றையும் தேதிவாரியாகத் தொகுக்க வேண்டும். அதை வைத்து எந்த இடத்துக்கு எவ்வளவு ஆபத்து என்று வரைபடத்தில் நிறம் போட வேண்டும். மூன்றே நிறம். பச்சை என்றால் கவலை இல்லை. மஞ்சள் என்றால் தெருமுனையில் ஒரு அறிவிப்புப் பலகை, அத்தோடு சரி. சிவப்பு என்றால் புதிதாக ஒரு செங்கல் வைக்க முடியாது, மாடி எடுக்க முடியாது. மலைமேல் இருக்கும் மழைமானி ஒரு அளவைத் தாண்டியதும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அந்தத் தெருவுக்குப் போன் போக வேண்டும், ஜீப் போக வேண்டும், ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போக வேண்டும்.

யாரும் முன்வராததால் வேலை அவள் தலையில் விழுந்தது.

“ஒரு மாசத்துல முடிச்சிடுங்கம்மா” என்றார் அதிகாரி. “பழைய ஃபைல்லருந்து நாலு வெள்ளம், ரெண்டு புயல் எடுத்துப் போடுங்க, போதும். யாரு படிக்கப் போறா?”

அவளுக்கு எட்டு மாசம் ஆயிற்று. முதல் வாரம் சலித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். இரண்டாவது வாரம் பைத்தியம் பிடித்துவிட்டது. ஆவண அறையில் எலி கடித்த பதிவேடுகள், ஆஸ்பத்திரி இறப்புப் பதிவுகள், சாலைப் பிரிவின் பழுதுபார்ப்புக் குறிப்புகள் என்று ஒன்றையும் விடவில்லை. ஒரு சின்னப் பாலத்தைப் பதினோரு வருஷத்தில் மூன்று தடவை கட்டியிருந்தார்கள். மூன்று தடவையும் காரணம் என்ற இடத்தில் ‘எதிர்பாராத வெள்ளம்’ என்று ஒரே கையெழுத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு அவள் தனியாகச் சிரித்ததைப் பார்த்து ஆவண அறைக் காவலாளி பயந்து போனார்.

சாயங்காலம் தலையில் ஒட்டடையோடு வீட்டுக்கு வருவாள். மருந்துக்கடை வைத்திருக்கும் கணவர், “இன்னைக்கு எந்த வருஷத்து வெள்ளத்துல நனைஞ்சுட்டு வர்ற?” என்று கேட்பார். அவள் சாப்பிட்டுக்கொண்டே எத்தனை மாடு போயிற்று, எத்தனை வீடு போயிற்று என்று சொல்லிக்கொண்டிருப்பாள். “சாப்பிடற நேரத்துலயாவது அவங்களை நிம்மதியா விடேன்மா” என்பார் அவர்.

ஏழாவது மாசத்தில் அந்தத் தினக்குறிப்பு கிடைத்தது. மலையடிவாரப் பள்ளிக்கூடத்தில் அறுபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் தலைமை ஆசிரியராக இருந்தவர் தினமும் நாலைந்து வரி எழுதி வைத்திருந்தார். பெரும்பாலும் வருகை எண்ணிக்கையும் சுண்ணாம்புக்கட்டி இருப்பும்தான். ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: ‘மூன்றாம் நாளாக மழை. வருகை நாற்பத்தொன்று. நண்பகலில் மேட்டு ஓடை வழியாகக் கல்லும் சேறும் இறங்கின. குவாரி வரிசை வீடுகள் இல்லை.’

இடிந்தன என்று எழுதவில்லை. மூழ்கின என்று எழுதவில்லை. ‘இல்லை’ என்று மட்டும் எழுதியிருந்தார். மறுநாள்: ‘விடுமுறை. பெஞ்சுகள் காயம்பட்டவர்களைப் படுக்க வைக்கக் கொடுக்கப்பட்டன.’ அதற்கடுத்த வாரம்: ‘வருகைப் பதிவேட்டிலிருந்து ஒன்பது பெயர்கள் நீக்கம்.’

அவள் அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தாள். இவ்வளவு பெரிய சாவு ஊரில் ஒருவருக்கும் தெரியாதது ஏன் என்றும் புரிந்தது. குவாரியில் கல் உடைத்தவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள். பிழைத்தவர்கள் அந்த மாசமே வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். குவாரியும் மூடப்பட்டது. அழுவதற்கு ஆள் இல்லாத சாவை ஊர் எவ்வளவு நாள் ஞாபகம் வைத்திருக்கும்?

பழைய குவாரிப் படத்தைத் தேடி எடுத்து, மெல்லிய தாளில் நகலெடுத்து, இன்றைய படத்தின் மேல் வைத்தாள். ஓடையின் வளைவு பொருந்தியது. பள்ளிக்கூடம் பொருந்தியது. குவாரி வரிசை நேராகப் புதுத்தெருவின் மேல் விழுந்தது.

புதுத்தெருவில் ஓடைப் பக்கத்திலிருந்து எண்ணினால் ஐந்தாவது வீடு அவள் தம்பி வீடு.

தம்பி வெல்டர். ஜன்னல் கம்பி, கேட், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு என்று எதைச் சொன்னாலும் செய்து கொடுப்பான். மெயின் ரோட்டு முனையில் பட்டறை. அங்கிருந்து புதுத்தெரு கூப்பிடு தூரம். அந்தத் தெருவில் முதலில் அஸ்திவாரம் போட்டவனே அவன்தான். அவன் பேச்சைக் கேட்டுத்தான் பாதிப்பேர் அங்கே வந்தார்கள். பதினாலு வீடு ஆகியிருந்தது.

அவன் வீட்டுக் கிணற்றை வெட்டியவர் பக்கத்து ஊரில் இருந்தார். அவள் அவரைத் தேடிப் போனாள். அவர் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “அந்தக் கிணறா? மறக்க முடியுமா மேடம். பன்னெண்டு அடியில ஒரு கதவுக் கீல் வந்துச்சு. கூடவே அடி ஒடுங்கின சட்டி ஒண்ணு. நான் உங்க தம்பிகிட்ட அப்பவே சொன்னேன், இது தரை இல்ல தம்பி, மேலருந்து வந்த மண்ணு, நிஜத் தரை இதுக்குக் கீழ இருக்குன்னு. அவரு சிரிச்சாரு. தண்ணி நல்லா வந்துச்சு, அதுல எல்லாம் மறந்து போச்சு.”

அந்தக் கீல் தம்பியின் பட்டறையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. துரு போகத் தேய்த்து, எண்ணெய் பூசி, ஆணியில் மாட்டி வைத்திருந்தான். “அந்தக் காலத்து இரும்புக்கா. இன்னைக்கு எவன் இப்படி அடிப்பான்?” என்று அவளிடமே ஒரு தடவை காட்டியிருக்கிறான்.

அவள் ஒளிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே அவனை வீட்டுக்கு வரச் சொல்லி, மேஜையில் படத்தை விரித்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கையை நீட்டிப் படத்தைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு கேட்டான். அப்போது அவன் வீட்டில் மாடிக்குக் கம்பி கட்டி நின்றது. பிள்ளைகள் இரண்டும் வளர்ந்துவிட்டன, கீழே இடம் போதவில்லை.

“இதுக்கு என்ன கலர் போடுவ?”

“சிவப்புதான்டா.”

அவன் படத்தை மேஜையில் வைத்தான். “அறுபத்தெட்டு வருஷத்துல ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் ஒரு கூழாங்கல்லாவது உருண்டு வந்திருக்காக்கா?”

“அது வந்தா கூழாங்கல்லா வராதுடா.”

“என் மாடியை விடு. அது போனா போகட்டும். தெருவுல பதினாலு வீடு. ‘அண்ணே, நீங்க சொன்னீங்கன்னுதான் வந்தோம்’னு இன்னைக்கும் சொல்றாங்க. முனையில செவப்பு போர்டு வெச்சா நான் யார் மூஞ்சில முழிப்பேன்? அந்த வீட்டை எல்லாம் நாளைக்கு ஒரு நாய்கூட எட்டிப் பார்க்காது.” பிறகு குரல் இறங்கியது. “நீ பாத்துச் செய்க்கா. ஒனக்குத் தெரியாததா.”

இவ்வளவுதான் கேட்டான். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

அவன் கேட்காமல் விட்டதுதான் அவளை அறுத்தது. அவள் படவரைவுப் படிப்பில் முதல் வருஷம் படிக்கும்போது அப்பா இறந்து போனார். அவனுக்குப் பதினைந்து வயது. ஒருநாள் காலையில் புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டுப் பட்டறைக்கு வேலைக்குப் போனான். யாரும் போகச் சொல்லவில்லை. அவள் படிப்பு முடியும்வரை வாரக் கடைசியில் கண் சிவந்து, விரல் நுனியெல்லாம் சுட்ட தழும்போடு வந்து, கூலியை அவள் படிப்புக்குக் கொடுத்துவிட்டு, அவள் வரைந்து வைத்திருக்கும் தாள்களைப் பார்த்து, “எப்படிக்கா இவ்ளோ நேரா வருது?” என்று ஆச்சரியப்படுவான். இந்த முப்பது வருஷத்தில் அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கோபம் வந்திருக்கும், சண்டை போட்டிருப்பாள். சண்டை போட்டிருந்தால் ஒருவேளை சிவப்பே போட்டிருப்பாள்.

சுற்றறிக்கையில் ஒரு விதி இருந்தது. ஒரு பழைய விபத்தை உறுதியானதாக எடுத்துக்கொள்ள இரண்டு தனித்தனி ஆதாரம் வேண்டும். அவளிடம் இரண்டு இருந்தன. ஒன்று தினக்குறிப்பு, இன்னொன்று கிணறு. அவள் கிணற்றை எழுதவில்லை. கிணறு வெட்டியவரின் பெயர், பன்னிரண்டு அடி, கீல், சட்டி ஒன்றும் அறிக்கையில் இல்லை. தினக்குறிப்பைக் கடைசிப் பக்க இணைப்பில் போட்டு, எதிரே ‘ஒரே ஆதாரம், உறுதி செய்யப்படவில்லை’ என்று தட்டச்சு செய்தாள். புதுத்தெருவுக்கு மஞ்சள் போட்டாள்.

பொய் என்று சொல்ல அதில் ஒரு வரிகூட இல்லை என்று தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். நூற்றுப் பதினாலு பக்கம் உழைத்தவளுக்கு ஒரு பக்கத்தில் மட்டும் கொஞ்சம் இளகக் கூடாதா என்றும் கேட்டுக்கொண்டாள். அதிகாரி புரட்டிப் பார்த்து, “பிரமாதம்மா” என்று கையெழுத்துப் போட்டார். கணவரிடம்கூட அவள் சொல்லவில்லை.

‘மறுபடி பாத்தேன், மஞ்சள்தான்’ என்று அவள் சொன்னதைத் தம்பி அப்படியே நம்பினான். அவன் வீட்டு மாடி எழும்பியது. அவன் வரைபடத்தில் தங்கள் தெரு இருக்கும் பக்கத்தை நகலெடுத்துப் பிளாஸ்டிக் உறை போட்டுப் பட்டறையில் மாட்டினான். தெருவில் இடம் பார்க்க வருகிறவர்களிடம், “எங்க அக்கா கையால போட்டது. பாருங்க, மஞ்சள்தான். பயப்பட ஒண்ணும் இல்ல” என்று காட்டுவான். அதைப் பார்த்துத்தான் ஒரு தையல்காரர் வந்தார். ஓடையை ஒட்டிக் காலியாகக் கிடந்த மனையை வாங்கிப் பதினைந்தாவது வீட்டைக் கட்டினார். அவரும் மனைவியும், படுத்த படுக்கையாக இருந்த அவர் அப்பாவும்.

அவள் தையல்காரரை ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். தம்பி வீட்டுக்குப் போனபோது கைப்பையின் வார் அறுந்துவிட்டது. தம்பி மனைவி, “குடுங்கண்ணி, கடைசி வீட்டுல தெச்சுக்கலாம்” என்று கூட்டிக்கொண்டு போனாள். தையல்காரர் இரண்டு நிமிஷத்தில் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, காசு வாங்க மாட்டேன் என்றார்.

“நீங்கதானே எங்க தெருவுக்கு மஞ்சள் போட்ட அக்கா? உங்ககிட்ட வாங்குவேனா?”

உள்ளறையில் அவர் அப்பா இருமினார். ஜன்னல் வழியாக ஓடை தெரிந்தது. கோடைக்காலம், காலை நனைக்கவும் தண்ணீர் இல்லை. அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். பையை வாங்கிக்கொண்டு, “நல்லா தைக்கறீங்க” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அறிக்கை கொடுத்து இரண்டரை வருஷம் கழித்து அந்த மழை வந்தது. மூன்று நாள் விடவில்லை. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கே அவளைக் கட்டுப்பாட்டு அறைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். மாடியில் நீளமான கூடம், சுவரில் அவள் வரைந்த பெரிய படம், எதிரே நாலு போன். மலைமேல் இருந்த காவலர் அரை மணிக்கொரு தடவை மழைமானியைப் பார்த்து அளவு சொல்லுவார். போன் எடுப்பவர் அதைக் கரும்பலகையில் எழுதுவார்.

ஒன்பதரை மணிக்கு அளவு கோட்டைத் தாண்டியது.

“சிவப்புப் பட்டியல்!” என்றார் அதிகாரி. பட்டியலில் ஆறு இடம். ஆறுக்கும் போன் போயிற்று, ஜீப் கிளம்பிற்று. எல்லாம் சுற்றறிக்கையில் இருக்கிறபடியே ஒழுங்காக நடந்தது. “உங்க மேப் இல்லன்னா இன்னைக்குத் திண்டாடிப் போயிருப்போம்மா” என்றார் அவர்.

அவள் படத்துக்கு முன்னால் நின்றாள். புதுத்தெரு மஞ்சளாக இருந்தது.

போன் ஒரு கை தூரத்தில் இருந்தது. எடுத்து, “கிளம்புடா” என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். அவளுடைய மஞ்சளை அவளைவிட அவன் அதிகம் நம்பினான். காரணம் சொல்லாமல் அவனை அசைக்க முடியாது. காரணம் சொன்னால் இந்தக் கூடத்தில் எல்லோர் காதிலும் விழும். மேற்குப் பக்கம் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. அடுத்த அளவு குறைவாக வரும் என்று காத்திருந்தாள். பத்து மணி அளவு கூடியது. ஒரு பென்சிலைச் சீவினாள். பத்தரை மணிக்கு இன்னும் கூடியது. யாரோ டீ கொடுத்தார்கள், கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பத்தேமுக்காலுக்கு மலைமேல் லைன் செத்துப் போயிற்று. போன் எடுப்பவர் “ஹலோ, ஹலோ” என்று கத்திக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவள் போனை எடுத்தாள்.

“என்னக்கா, மழைல போன்?” பட்டறையில் தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்துக்கு மேலே அவன் குரல் வந்தது.

“டேய், தெருவுல எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போ. இப்பவே.”

“நம்ம தெருவா? அது மஞ்சள்தானேக்கா.”

“மஞ்சள் இல்லடா.”

“என்னது?”

“சிவப்புதான். நான் மாத்திப் போட்டுட்டேன். ஒன் கிணத்துல வந்த கீல் அந்த வீடுங்களோடதுதான். எனக்கு அப்பவே தெரியும். நான் எழுதல. போடா, ஓடு.”

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுமுனையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு போன் கீழே வைக்கப்பட்டது.

அவன் ஓடியிருக்கிறான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். மனைவியை வெளியே தள்ளிவிட்டு, வீடு வீடாகக் கதவைத் தட்டினான். திறக்காத கதவை உதைத்தான். நம்பாதவர்களைக் கையைப் பிடித்து இழுத்தான். கால் மணி நேரத்தில் பதினாலு வீடும் காலி. கடைசி வீட்டில் தையல்காரர் மெஷினை நிறுத்தாமலே நிமிர்ந்து பார்த்தார்.

“மஞ்சள்தானேண்ணே. நீங்கதானே காட்டினீங்க. இந்த மழைல அப்பாவைத் தூக்கிட்டு எங்க போவேன்? நெஞ்சுல சளி கட்டியிருக்கு, நனைஞ்சா தாங்க மாட்டாரு.”

“அது தப்புப்பா. மேப் தப்பு. எங்கக்காவே சொல்லிடுச்சு. வா.”

தையல்காரர் அவன் முகத்தைப் பார்த்து எழுந்துவிட்டார். இரண்டு பேருமாகக் கிழவரைத் தூக்கப் பார்த்தார்கள். அவர் கனத்த சரீரம், வலி தாங்காமல் கத்தினார். “இருங்க, பட்டறையில தள்ளுவண்டி இருக்கு, கொண்டு வரேன். நீ தார்ப்பாயால அவரைச் சுத்தி வை” என்று சொல்லிவிட்டுத் தம்பி ஓடினான். இரும்பு ஏற்றும் தள்ளுவண்டி. அதைத் தள்ளிக்கொண்டு அவன் தெருவுக்குள் திரும்பும்போது மலையில் லாரிகள் வரிசையாகக் கவிழ்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதாம். மணி பதினொன்று இருபது. அவன் கண்ணெதிரே ஓடைப் பக்கத்து வீடுகள் ஆறு போயின. அவன் வீட்டின் புது மாடி அப்படியே முழுசாக ஒரு படகு மாதிரி கொஞ்ச தூரம் நகர்ந்து போய்ச் சரிந்தது. அவன் உடம்பில் ஒரு கீறல் இல்லை. தள்ளுவண்டியைப் பிடித்தபடியே நின்றிருந்தானாம். பிறகு வந்தவர்கள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

அவள் சொல்லி அதிகாரி அனுப்பிய ஜீப் தண்ணீரில் மாட்டிப் பன்னிரண்டேகால் மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

தையல்காரரையும் அவர் அப்பாவையும் எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. தார்ப்பாயின் ஒரு முனை தையல்காரர் கையில் இருந்தது. அவர் மனைவி பிழைத்தாள். அன்றைக்குப் பட்டனும் நூலும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. அவள் எல்லாவற்றையும் நாலு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“நீங்க போன்ல பேசினது இங்க நாலு பேருக்குத் தெரியும். அவங்க பேச மாட்டாங்க. விதிப்படி ரெண்டு ஆதாரம் இல்ல, மஞ்சள் போட்டீங்க. மஞ்சளும் எச்சரிக்கைதானேம்மா. பதினாலு வீட்டு ஜனத்தைக் காப்பாத்தினதும் நீங்கதான். இதை எழுதி யாருக்கு என்ன லாபம்?” அந்த நாலு பக்கத்தையும் மடித்து அவள் கையிலேயே கொடுத்தார். விதிப்படி மஞ்சள் போட்டதாக மட்டும் எழுதிய இன்னொரு தாளை நீட்டினார். அவள் அதில் கையெழுத்துப் போட்டாள். கோடுபோட்டு வாழ்ந்தவள் இரண்டாவது தடவையும் வழுக்கிவிட்டாள்.

தம்பி வரவில்லை. பட்டறையை ஒட்டி வாடகை வீடு பார்த்துப் போய்விட்டான். அவள் போய் நின்றால் அவன் மனைவி டீ கொடுப்பாள், அவன் வெல்டிங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடருவான். அந்த வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்க்க முடியாது என்பதால் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள்.

ஐந்து மாசம் கழித்து ஒருநாள் மதியம் விடுப்புப் போட்டுவிட்டுத் தையல்காரரின் மனைவியைத் தேடிப் போனாள். அந்தப் பெண் தன் தங்கை வீட்டு முன்னறையில் மெஷின் போட்டிருந்தாள். பள்ளிச் சீருடைகள் குவிந்து கிடந்தன.

“உக்காருங்கக்கா. துணியா?”

“இல்லம்மா. ஒரு விஷயம் சொல்லணும்.”

உட்காராமலே சொன்னாள். தினக்குறிப்பு, கிணறு, மஞ்சள், போன் எல்லாவற்றையும். தையல்காரரின் மனைவி மெஷினில் கையை வைத்தபடி கேட்டாள். அழுவாள், கத்துவாள், கையில் இருக்கும் கத்தரிக்கோலை எறிவாள் என்று எதிர்பார்த்து வந்தவளுக்கு அந்த அமைதி தாங்கவில்லை.

“அன்னைக்கு மழை அளவு தாண்டினது எத்தனை மணிக்கு?”

“ஒன்பதரை.”

“நீங்க போன் பண்ணது?”

“பத்தேமுக்கால்.”

கணக்குப் போடுகிற மாதிரி தையல்காரரின் மனைவியின் உதடு அசைந்தது. “நான் பத்து மணிக்குத்தான் கடைக்குக் கிளம்பினேன். ஒன்பதரைக்குன்னா வீட்டுலதான் இருந்தேன். நானும் அவரும் சேர்ந்தா மாமாவைத் தூக்கிடுவோம். தினம் குளிக்க வைக்கத் தூக்குறதுதான். எங்களுக்கு அந்தப் பிடி தெரியும். அவருக்கு வலிக்காது.”

வந்தவள் கைப்பையின் தைத்த வாரைப் பிடித்தபடி நின்றாள்.

“ஒன்னேகால் மணி நேரம் என்னக்கா பண்ணீங்க?”

“நின்னுட்டிருந்தேன்.”

தையல்காரரின் மனைவி தலையை ஆட்டினாள். மெஷினுக்கு அடியில் துணியைத் தள்ளினாள். “போங்கக்கா. எனக்கு வேலை இருக்கு” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. வாசல்வரை வந்த பிறகு மெஷின் ஓட ஆரம்பித்த சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி ஓடியது.

அங்கிருந்து நேராகத் தலைமை அலுவலகத்துக்குப் பஸ் ஏறினாள். பையிலிருந்த நாலு பக்கத்தோடு ஐந்தாவதாக ஒரு பக்கம் பஸ்ஸிலேயே எழுதினாள். அதில் ஒன்பதரையும் பத்தேமுக்காலும் இருந்தன. கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வந்தாள். அன்று ராத்திரி கணவரிடம் முதல் தடவையாகச் சொன்னாள். “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா” என்று மட்டும் சொன்னார்.

அவளுக்குச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். படவரைவுப் பிரிவிலிருந்து ஆவண அறைக்கு மாற்றினார்கள். வேலை போகும் என்று நினைத்திருந்தாள். போகவில்லை. புதுத்தெருவுக்குச் சிவப்பு போடும் வேலையை வேறொருவர் செய்தார். கொஞ்சம் கோணலாகத்தான் போட்டிருந்தார்.

தண்டனைச் செய்தி தெரிந்த வாரம் தம்பி அவள் வீட்டுக்கு வந்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. மெலிந்திருந்தான். காலை வெயில் மேஜைமேல் விழுந்துகொண்டிருந்தது, அவன் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்த அதே மேஜை. அவள் டீ வைத்தாள். அவன் தொடவில்லை.

“நான் கேட்டிருக்கக் கூடாது” என்றான்.

“நான் செஞ்சிருக்கக் கூடாதுடா.”

“நீ அன்னைக்கே செவப்பு போட்டிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? ஒன்னைத் திட்டியிருப்பேன். ஒரு வருஷம் பேசாம இருந்திருப்பேன். கூடப் போனா ரெண்டு வருஷம். அப்புறம் வந்திருப்பேன். வராம எங்க போவேன்? அவ்ளோதானேக்கா. அவ்ளோதானே நடந்திருக்கும்.”

அவள் அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷத்துச் சுட்ட தழும்பு. அந்தத் தழும்புக்குப் பயந்துதான் எல்லாம் செய்தாள், அது அவளிடம் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை.

“ஆமாடா” என்றாள்.

அவன் டீயை ஒரே மூச்சில் குடித்தான். ஆறிப் போயிருந்தது. பிள்ளைக்குப் பரீட்சை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். இப்போது மாசத்துக்கு ஒரு தடவை வருகிறான். பிள்ளைகள் படிப்பு, பட்டறை வேலை, கணவரின் சர்க்கரை என்று எல்லாம் பேசுகிறார்கள். சிரிக்கவும் செய்கிறார்கள். வெளியே தூறல் விழுந்தால் மட்டும் பேச்சு நின்றுவிடுகிறது. அவன் எழுந்து செருப்பை மாட்டிக்கொள்வான். அவள் குடையை எடுத்துக் கொடுப்பாள்.